ரேடியோகிராஃபர் ஆய்வாளர் ஆகலாமா?

கேள்வி: மருத்துவமனை ஒன்றில் ஏழு வருடமாக ரேடியோகிராஃபராக இருக்கிறேன். இளநிலைப் பட்டம் முடித்தவள். எக்ஸ்ரே, சி.டி. இரண்டிலும் வேலை பார்க்கிறேன். ஐ.சி.யூ.வில் தினமும் போர்ட்டபிள் மார்பு எக்ஸ்ரே எடுக்கிறோம். ஒரே நோயாளி, ஒரே கருவி என்றாலும் ஒவ்வொரு படத்துக்கும் கருவி காட்டும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் என்ற எண் நாளுக்கு நாள் தாறுமாறாக மாறுகிறது. இரவு ஷிப்டில் அது இன்னும் அதிகம் என்று தோன்றியதால் ஒரு நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். இதை வைத்து ஆய்வு செய்யலாமா என்று கேட்டபோது, "அதெல்லாம் டாக்டர்களும் பிசிக்ஸ்காரர்களும் பார்த்துக்கொள்வார்கள், நமக்கு எதற்கு?" என்றார் சீனியர். முதுநிலை, பி.எச்டி., அப்புறம் கல்லூரியில் ஆசிரியப் பணி என்று எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. வயது 31. வீட்டில் "இனிமேல் எதற்குப் படிப்பு?" என்கிறார்கள். வேலையை விட வேண்டியிருக்குமா? ஏ.ஐ. தலைப்பு எடுத்தால்தான் இடம் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சீனியர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த ஒரு பேச்சால் எத்தனையோ நல்ல கேள்விகள் எக்ஸ்ரே அறையிலேயே அடங்கிப்போயிருக்கின்றன. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். நம் தொழில் வளர்ந்த விதம் அப்படி. ரான்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த கொஞ்ச காலத்திலேயே படம் எடுப்பதற்கென்று தனி ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆனால் பிரிட்டனிலேயே ரேடியோகிராஃபி படிப்பு டிப்ளமோவிலிருந்து பட்டப்படிப்பாக மாறியது 1990களில்தான். பட்டமே இல்லாத துறையில் பி.எச்டி. எங்கிருந்து வரும்? எழுதவும் கேள்வி கேட்கவும் பழக்கப்பட்டவர்கள் மருத்துவர்களும் இயற்பியலாளர்களும்தான் என்றிருந்த காலத்தின் மிச்சம் அந்தப் பேச்சு.

கதிர் எப்படிப் பாய்கிறது என்று இயற்பியலாளருக்குத் தெரியும். படத்தில் என்ன இருக்கிறது என்று அதைப் படித்து அறிக்கை தரும் மருத்துவரான ரேடியாலஜிஸ்டுக்குத் தெரியும். வென்டிலேட்டர் குழாயை அசைக்க முடியாமல், கட்டிலை நிமிர்த்த முடியாமல், நர்ஸை ஒரு கை பிடிக்கச் சொல்லி படத்தைப் பதியும் தட்டான டிடெக்டரை முதுகுக்கு அடியில் செருகி, மூச்சு உள்ளே போகும் நொடிக்காகக் காத்திருந்து பட்டனை அழுத்தும்போது என்னென்ன நடக்கிறது என்பது அங்கே நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் பிறக்கும் கேள்வியை நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை. நம் துறையில் ஆய்வு என்பது அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாதி இயற்பியலாளராகவோ பாதி மருத்துவராகவோ ஆவதற்காக யாரும் இதற்குள் வர வேண்டியதில்லை.

இனப்பெருக்க உறுப்புகளுக்கு மேல் ஈயக் கவசம் வைக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களிலிருந்து பாடமாகவே சொல்லிக்கொடுத்து வந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது உண்மையில் பயன் தருகிறதா என்று ஆட்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். எடுத்து முடித்த இடுப்பெலும்புப் படங்களைத் தணிக்கை செய்து சரிபார்த்தால் கவசம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சிலவற்றில் பார்க்க வேண்டிய எலும்பையே மறைத்திருந்தது. தானியங்கி எக்ஸ்போஷர் சென்சாரின் மேல் கவசம் விழுந்தால் கருவி தானாகவே கதிரைக் கூட்டிவிடும். உடலுக்குள்ளேயே சிதறும் கதிரை வெளியில் வைத்த ஈயத்தால் தடுக்கவும் முடியாது. பரம்பரைப் பாதிப்பு பற்றிய கவலையும் குறைந்துகொண்டே வந்தது. சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2007இல் அந்த உறுப்புகளுக்கான திசு எடைக் காரணியை, அதாவது கதிரால் வரும் பாதிப்பில் அவற்றின் பங்கைக் குறிக்கும் எண்ணை, 0.20இலிருந்து 0.08ஆக இறக்கியது. கடைசியில் 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் இந்தப் பழக்கத்தைக் கைவிடலாம் என்று அறிக்கை விட்டது. அறிக்கை இயற்பியலாளர்களுடையதுதான். ஆனால் கவசம் நடைமுறையில் எங்கே போய் விழுகிறது என்ற சான்று எக்ஸ்ரே அறையிலிருந்துதான் வர முடியும். ரேடியோகிராஃபர்கள் செய்த தணிக்கைகளும் அதில் உண்டு.

இன்னொன்றும் இதே ரகம். இடுப்பு முதுகெலும்பு எக்ஸ்ரேயை நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து எடுப்பதே வழக்கம். குப்புறப் படுக்க வைத்தால் வயிற்றுத் திசு அழுந்திப் பரவுகிறது, கதிர் கடக்க வேண்டிய தடிமன் குறைகிறது, நோயாளி வாங்கும் கதிர் அளவான டோஸும் குறைகிறது. கருவியில் ஒரு மாற்றமும் தேவையில்லை, ஆளைத் திருப்பிப் போட்டால் போதும். முதுகுவலியில் துடிக்கிறவரைக் குப்புறப் போடுவது எத்தனை பேருக்குச் சாத்தியம் என்பதும் சேர்ந்தால்தான் அது முழு ஆய்வு. அந்தப் பாதி நம்மிடம்தான் இருக்கிறது.

இனி உங்கள் நோட்டுக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அதுதான். அதில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஆனால் இப்போது இருக்கும் நிலையில் கொண்டுபோனால் முதல் கேள்வியிலேயே அடிவாங்கும். எப்படி என்று சொல்கிறேன்.

எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் என்பது நோயாளி வாங்கிய டோஸ் அல்ல. டிடெக்டருக்கு வந்து சேர்ந்த கதிரின் அளவைக் காட்டும் எண் அது. ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் ஒரே கே.வி. (கதிரின் ஊடுருவும் வலிமை), ஒரே எம்.ஏ.எஸ். (கதிரின் அளவு) கொடுத்தால் பருமனானவரின் எண் குறைவாக வரும். அதற்காக அவர் குறைவாகக் கதிர் வாங்கினார் என்று ஆகாது. கதிர் விழும் பரப்பை, அதாவது காலிமேஷனை, எவ்வளவு விட்டீர்கள், மென்பொருள் நுரையீரல் பகுதியைச் சரியாகப் பிடித்ததா என்பவற்றைப் பொறுத்தும் எண் ஆடும். ஆகவே அந்த எண்ணோடு கே.வி., எம்.ஏ.எஸ்., தூரம், நோயாளியின் எடை, கருவி காட்டினால் டோஸ் ஏரியா பிராடக்ட் (டோஸை அது விழுந்த பரப்பால் பெருக்கிய எண்), எல்லாவற்றையும் ஒரே வரிசையில் குறிக்க வேண்டும். எண் மட்டும் இருக்கும் நோட்டை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

உங்கள் துறையில் வேறு வேறு கம்பெனிக் கருவிகள் இருந்தால் இன்னொரு சங்கடம். பழைய கருவிகளில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. ஃபியூஜியின் எஸ் எண் கதிர் கூடக் கூடக் குறையும். கோடக்கில் கதிர் இரண்டு மடங்கானால் எண் 300 ஏறும். 2008இல் வந்த சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) தரநிலைக்குப் பிறகுதான் எல்லோருக்கும் பொதுவான அளவு கிடைத்தது. அதோடு வந்த, இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் டீவியேஷன் இண்டெக்ஸ் உங்களுக்கு ரொம்ப உதவும். பூஜ்யம் என்றால் இலக்கைத் தொட்டிருக்கிறீர்கள். கூட்டல் 3 என்றால் இலக்கைப்போல் இரண்டு மடங்கு, கழித்தல் 3 என்றால் பாதி. ஆனால் அந்த இலக்கை யார், எப்போது, எதைப் பார்த்து வைத்தார்கள் என்று விசாரியுங்கள். கருவியை நிறுவ வந்த பொறியாளர் வைத்துவிட்டுப் போன எண்ணே வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் துறைகள் உண்டு. அது தெரியாமல் இலக்கிலிருந்து விலகல் என்று பேசினால் கணக்கு முழுவதும் ஆட்டம் காணும்.

நாளுக்கு நாள் ஏன் மாறுகிறது? போர்ட்டபிள் கருவியில் பெரும்பாலும் தானியங்கி எக்ஸ்போஷர் கிடையாது, கே.வி., எம்.ஏ.எஸ். எண்களை நாமே வைக்கிறோம். தூரத்தையும் கண்ணால்தான் அளக்கிறோம். ஒருநாள் 100 சென்டிமீட்டர், மறுநாள் கட்டிலைச் சுற்றிக் கருவிகள் நிற்பதால் 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே எம்.ஏ.எஸ்.ஸில் டிடெக்டரை அடையும் கதிர் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துவிடும். தலைகீழ் இருமடி விதி, முதல் வருடப் பாடம். ஒரு அளவு நாடாவை எக்ஸ்ரே ட்யூபில் மாட்டி, ஒவ்வொரு படத்துக்கும் தூரத்தைக் குறியுங்கள். உங்கள் ஆய்வின் விடையில் பாதி அதிலேயே கிடைத்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. படுத்த நிலையா, பாதி நிமிர்ந்த நிலையா, சிதறிய கதிரை வடிகட்டும் கிரிட் வைத்தீர்களா என்பதும் வேண்டும்.

இரவு ஷிப்ட் விஷயத்தில் நிதானம் தேவை. இரவில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் அவசரப் படங்கள்: குழாய் போட்டதும், பெரிய ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் போட்டதும், திடீரென்று ஆக்ஸிஜன் இறங்கியதும். நோயாளிகளே வேறு மாதிரி இருக்கும்போது வித்தியாசத்தை ஷிப்டின் தலையில் போட முடியாது. அந்தப் படம் எதற்காகக் கேட்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சக ஊழியர்களின் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள், குறியீடு போதும். தங்களைத்தான் எடைபோடுகிறார்கள் என்று ஒருமுறை அவர்களுக்குத் தோன்றிவிட்டால் ஒத்துழைப்பு போய்விடும், எண்களும் நிஜத்தைச் சொல்லாது.

புள்ளியியல் தெரிந்த ஒருவரைத் தரவு சேர்ப்பதற்கு முன்பே போய்ப் பாருங்கள். சேர்த்த பிறகு போனால் அவரால் செய்ய முடிவது குறைவு. உங்கள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். ஒரே நோயாளிக்குப் பத்து நாள் எடுத்த பத்துப் படங்களைப் பத்துத் தனி நோயாளிகளாக எண்ணிச் சாதாரண சோதனை ஒன்றைப் போட்டுவிட்டால், இல்லாத வித்தியாசமும் இருப்பதாகக் காட்டும். ஆய்விதழின் மதிப்பாய்வாளர் முதலில் கைவைக்கும் இடம் அது. ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப அளந்ததைக் கணக்கில் எடுக்கும் முறைகள் இருக்கின்றன, அவரைக் கேட்டால் சொல்வார்.

எண்கள் மட்டும் போதாது, படத்தின் தரமும் பக்கத்தில் நிற்க வேண்டும். கதிர் பாதியாகக் குறைந்தும் மூச்சுக்குழாய் ட்யூபின் நுனி தெளிவாகத் தெரிந்தால் அது பிரச்சினையா, நல்ல செய்தியா? டிஜிட்டல் படத்தில் கதிர் கூடினாலும் படம் கருக்காது, அழகாகவே இருக்கும். அதனால்தான் யாரும் கவனிக்காமல் எக்ஸ்போஷர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப்போகிறது. இரண்டு மூன்று பேரிடம் படங்களைக் கலைத்துப்போட்டுக் கொடுங்கள். எந்த ஷிப்ட், என்ன எக்ஸ்போஷர் என்று சொல்லாதீர்கள். ட்யூப் நுனி தெரிகிறதா, இதயத்துக்குப் பின்னாலிருக்கும் ரத்தக்குழாய்கள் தெரிகின்றனவா என்று குறிப்பிட்ட அம்சங்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். சில படங்களை அவர்களுக்குத் தெரியாமல் இரண்டாம் முறையும் கொடுங்கள். ஒருவர் தம்மோடு தாமே எவ்வளவு ஒத்துப்போகிறார், மற்றவரோடு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்பதைப் பார்க்காமல் அந்த மதிப்பெண்களை நம்ப முடியாது.

ஒரு எச்சரிக்கை. நோட்டில் நோயாளியின் பெயரோ மருத்துவமனை எண்ணோ இருந்தால் இன்றோடு அதை வீட்டுக்குக் கொண்டுபோவதை நிறுத்துங்கள். துறைத் தலைவரிடம் சொல்லி, இது தணிக்கையா ஆய்வா, நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "தணிக்கைதானே, பண்ணுங்கள்" என்று வாயால் சொன்னது, பிறகு ஆய்விதழ் அனுமதி எண்ணைக் கேட்கும்போது உதவாது. படங்களில் பெயரை நீக்கும்போது டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பின் தலைப்பகுதியை மட்டும் நீக்கிவிட்டு நின்றுவிடாதீர்கள். சில கருவிகளில் பெயர் படத்தின் மேலேயே பதிந்திருக்கும்.

ஏ.ஐ. பற்றிக் கேட்டிருந்தீர்கள். இடம் கிடைக்கும் என்பதற்காக அதை எடுக்காதீர்கள். பொதுவெளியில் கிடைக்கும் படத்தொகுப்பு ஒன்றை இறக்கி, ஏற்கெனவே இருக்கும் நிரலை ஓட்டி, துல்லியம் இவ்வளவு என்று எழுதும் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் உங்கள் ஏழு வருட அனுபவத்துக்கு வேலையே இல்லை. அந்த அனுபவத்துக்கு வேலை இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய நிரலை வேறு மருத்துவமனைப் படங்களில் சோதித்தார்கள். 5 ஒப்பீடுகளில் 3இல் அது முன்பைவிட மோசமாகச் செய்தது. படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை மட்டும் நிரல் ஏறக்குறையத் தவறாமல் சொன்னது. எதைப் பார்த்து? நாம் படத்தின் மூலையில் வைக்கிறோமே, இடது வலது காட்டும் உலோகக் குறி, அதுவும் நிரலின் கவனத்தை இழுத்த இடங்களில் ஒன்று. அந்தக் குறி எங்கே வைக்கப்படும், யார் எப்படி வைப்பார்கள், போர்ட்டபிள் படம் ஏன் வேறு மாதிரி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நிரல் எழுதுகிறவருக்குத் தெரியாது. ஏ.ஐ. பக்கம் போனால் அந்த வாசல் வழியாகப் போங்கள்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி.எச்டி.தான் இலக்கு என்றால் ஆய்வேடு எழுத வேண்டிய முதுநிலையாகப் பார்த்துச் சேருங்கள். எம்.ஆர்.ஐ., சி.டி. என்று திறமையை மட்டும் வளர்க்கும் படிப்புகளும் நல்லவைதான். ஆனால் முதல்முறையாக ஓர் ஆய்வை முடித்து எழுதும் சிரமத்தை அவை உங்களுக்குத் தராது. அந்தச் சிரமத்தைப் பட்டுப் பார்த்தால்தான் இது உங்களுக்குப் பிடித்த வேலையா என்பதும் தெரியும்.

பி.எச்டி.க்குப் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளர் யார் என்பதுதான் முக்கியம். சேர்வதற்கு முன்பு அவரிடம் இப்போது படிக்கும் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசுங்கள். அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார்? மாணவர் எழுதிய கட்டுரையில் மாணவரின் பெயர் முதலில் வருகிறதா? பாதியில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர், ஏன்? இந்தக் கேள்விகளுக்கு மாணவர்கள் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னால் அதுவே பதில். இன்னொன்றையும் கேளுங்கள்: கருவி எப்போது கிடைக்கும்? நோயாளிக்குப் பதிலாகப் பேண்டம் என்ற மாதிரி உடலை வைத்துச் செய்யும் ஆய்வென்றால் நோயாளிகள் எல்லோரும் போன பிறகு இரவிலோ விடுமுறை நாளிலோதான் ஸ்கேனர் கைக்கு வரும். சில பல்கலைக்கழகங்களில் கற்பித்தலுக்கென்றே தனிக் கருவி இருக்கும். அது உங்கள் மூன்று நான்கு வருடத்தை எவ்வளவு இலகுவாக்கும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரியும், ஆனால் கேட்க வேண்டியது சேர்வதற்கு முன்பு.

வேலையை விட வேண்டாம் என்பதே என் கருத்து. முடிந்தால் பகுதிநேரமாகச் செய்யுங்கள். காலம் கூடும், உண்மைதான். ஆனால் கேள்வி பிறந்த இடத்தில் நின்றுகொண்டே அதை ஆராயலாம், சம்பளமும் வரும். முழுநேரமாகப் போனால் சம்பளத்தோடு இரவுப் பணி, அழைப்புப் பணிக்கான படிகளும் நின்றுபோகும். வீட்டில் கணக்குப் போடும்போது இதை மறைக்காமல் வையுங்கள்.

கல்லூரி வேலை பற்றியும் ஒரு உண்மை சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஆய்வும் வகுப்புமாக அமைதியாகத் தெரியும். உள்ளே போனால் மாணவர்களின் மருத்துவமனைப் பயிற்சியை மேற்பார்க்கப் போவது, செய்முறைத் தேர்வு, விடைத்தாள், பாடத்திட்டக் கூட்டம் என்று வாரம் ஓடிவிடும்; ஆய்வு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும். நேர்காணலில் ஆய்வுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்குவீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பதிலை நியமன ஆணையில் எழுதித் தரும் இடம் நல்ல இடம். சேர்ந்த பிறகும் வாரத்தில் ஒரு நாளாவது மருத்துவமனையில் படம் எடுங்கள். எடுப்பதை விட்டுவிட்ட ஆசிரியர், மென்பொருள் இரண்டு முறை மாறிய பிறகும் பழைய பாடத்தையே நடத்திக்கொண்டிருப்பார், மாணவர்களும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கட்டுரை எழுதும் நிலைக்கு வரும்போது, யார் பெயர் எந்த வரிசையில் என்பதை முதல் நாளே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களிடம் போகாதீர்கள். ரேடியோகிராஃபர்களுக்கென்றே மதிப்பாய்வு உள்ள இதழ்கள் இருக்கின்றன. "ரேடியோகிராஃபி", "ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரேடியேஷன் சயின்ஸஸ்" இரண்டையும் படிக்கத் தொடங்குங்கள். உங்கள் கேள்வியை ஒட்டி யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

31 வயது தாமதமா என்றால், இல்லை. படிப்பை முடித்த கையோடு ஆய்வுக்கு வருகிறவர்களிடம் முறை இருக்கும், கேள்வி இருக்காது. நெறியாளர் கொடுத்த கேள்வியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். உங்களிடம் கேள்வி இருக்கிறது. முறையைக் கற்றுக்கொள்ளலாம். வீட்டில் பேசும்போது "படிக்கப் போகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை வருடம், வாரத்தில் எத்தனை மாலை, வருமானத்தில் என்ன மாறும் என்று காகிதத்தில் எழுதி முன்னால் வையுங்கள். பாதி எதிர்ப்பு, விவரம் தெரியாத பயத்தில் வருவதுதான்.

இந்த மாதத்துக்குள் இரண்டு பக்கம் எழுதுங்கள். முதல் பக்கத்தில் ஐ.சி.யூ.வில் நீங்கள் பார்த்தது என்ன, அது ஏன் நோயாளிக்கு முக்கியம். இரண்டாம் பக்கத்தில் எதை அளப்பீர்கள், எப்படி, எத்தனை படங்களில், யார் உதவி வேண்டும். அதை முதலில் உங்கள் மருத்துவமனையின் இயற்பியலாளரிடமும், தினமும் அந்தப் படங்களைப் படிக்கும் ரேடியாலஜிஸ்டிடமும் காட்டுங்கள். பிறகு அந்த சீனியரிடமும் காட்டுங்கள். ஐ.சி.யூ. படங்களை உங்களைவிட அதிக வருடம் எடுத்தவர் அவர். தூரம் ஏன் மாறுகிறது, இரவில் என்ன நடக்கிறது என்பதற்கு அவரிடம் பதில்கள் இருக்கும். ஆய்வில் அவரையும் சேர்த்துக்கொள்ள முடிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.